வரம்புமலையில் மூன்றாவது பருவம்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
2024 ஜூன் 3

திருமதி சுபோதினி அவர்களுக்கு,

நீங்கள் லண்டனிலிருந்து திரும்பி வந்து வெள்ளவத்தையில் உங்கள் தகப்பனாருடன் இருப்பதாக நிஸாம் சொன்னார். நம்மோடு தொல்லியல் படித்த அதே நிஸாம்தான். காலி வீதி மருந்துக்கடையில் உங்களைக் கண்டாராம். பழைய விலாசம் மாறவில்லை என்று அவர் சொன்னதை நம்பி இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வரம்புமலையில் மீண்டும் அகழ்வு செய்ய எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த வாரம் வவுனியாவுக்குப் புறப்படுகிறேன். சமாதானம் முறிந்து யுத்தம் திரும்பியபோது அந்த மலையில் இராணுவ முகாம் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது முகாம் இல்லை. வீதிக்குப் போடும் கிரவல் மண் வெட்டுகிற ஒப்பந்தகாரர் ஒருவர் மலை முழுவதையும் கேட்டிருக்கிறார். உச்சியைச் சுற்றி ஓடும் மண்வரம்பு பழையதல்ல, ஆமிக்காரர் புல்டோசரால் தள்ளிக் கட்டியது என்கிறார். சமாதான காலத்தில், 2003இலேயே, நாங்கள் அந்த வரம்பை அளந்து வரைந்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். அப்படியானால் அந்த வரைபடத்தின் உயரங்களை இன்றைய மலையில் பொருத்திக் காட்டுங்கள் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் காட்டாவிட்டால் மலை அவருக்குப் போய்விடும்.

பொருத்துவதற்கு நீங்கள் பாறையில் இறக்கிய பித்தளை ஆணி வேண்டும். எல்லா உயரங்களையும் அதிலிருந்துதான் அளந்தீர்கள். வரைபடத்தில் அந்த இடத்தை இரண்டு பாலை மரங்களிலிருந்து தூரம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். மரம் இரண்டையும் வெட்டிவிட்டார்கள். எந்தப் பாறை என்று நினைவிருந்தால் அறியத்தரவும். மலையில் சிக்னல் இல்லை. உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிற தபால் விலாசத்துக்கு அனுப்பினால் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவருவார்கள்.

இப்படிக்கு,
எம். எச். நளீபா


வெள்ளவத்தை
ஜூன் 9

நளீபா,

திருமதியாம், அவர்களாம்! தபால்காரன் கையெழுத்துக் கேட்டதும் ஏதோ கோர்ட்டுக் கடிதம் என்று பயந்துபோனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வர என்ன விசாவா வேண்டும்? நீ பஸ் ஏறி வந்திருக்கலாம். சரி, வரவில்லை. எனக்கும் 'நீங்கள்' எழுத வரும். ஆனால் அப்படி எழுதினால் ஆணி இருக்கிற இடம் எனக்கு ஞாபகம் வராது.

தெற்குப் பக்கம், வாசல் போல வரம்பு விட்டுப் போயிருக்கிற இடத்தில், உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கம். ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. மற்றப் பாறைகளில் ஏறினால் குளம் தெரியாது. அதில் இருந்தால் மட்டும் குளத்தின் ஒரு மூலை தெரியும். ஆணியை அங்கே இறக்கியதற்கு விஞ்ஞானக் காரணம் ஒன்றும் கிடையாது. மத்தியானம் நிழல் இருந்தது, அவ்வளவுதான். நான் மட்டம் பார்க்கிற கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன். நீ அளவுகோலைப் போட்டுவிட்டுப் பாறையில் மல்லாந்து படுத்து, உங்கள் உம்மா கட்டித் தந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எத்தின பொயிண்ட் ஈக்கிது?" என்று கேட்பாய். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நீ கேட்டது இவ்வளவுதான். நான் கேட்க இருந்தது ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். 2011இல் அம்மா செத்தபோது பிளேன் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் செலவுச் சடங்கு வரைக்கும் வீட்டில் இருந்தேன். யார் யாரோ வந்தார்கள். நிஸாம் வந்தான். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்காக.

சுபோதினி


வரம்புமலை
ஜூன் 21

சுபோ,

பாறை கிடைத்தது. அதற்கு மேல் பங்கர் கட்டியிருந்தார்கள். பனங்குற்றிகளையும் மண்மூட்டைகளையும் எடுத்துப்போட நாலு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆணி இல்லை. பித்தளைதானே, யாரோ நெம்பி எடுத்திருக்கிறார்கள். நீ குழைத்துப் பூசிய சீமெந்து அப்படியே இருக்கிறது. நடுவில் ஆணி இருந்த துளை. ஓரத்தில் உன் விரல் பதிந்த அடையாளம். அளப்பதற்கு அது போதும்.

செத்தவீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் அப்பாவிடம் கேள். எனக்கு அதை எழுத விருப்பம் இல்லை.

நான் ஒன்று எழுதுகிறேன். மூன்றாவது அகழ்வுப் பருவம் தொடங்க நாலு கிழமை இருக்கும்போது, கல்யாணம் என்று லண்டனுக்குப் போனாய். ஒரு கிழமைக்கு முன்னர்தான் எனக்குச் சொன்னாய். எங்கள் வீட்டில் எனக்குக் கல்யாணம் பேசிய இடத்தை, மலை வேலை முடியட்டும் என்று நான் தள்ளிவைத்திருந்தேன். அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்கு நீ பொறுப்பில்லை, சுபோ. ஆனால் குழிகளை மூடுவதற்கு நான் தனியாக வரவேண்டியிருந்தது. கூலிக்கு வந்தவர்கள், "மற்ற மிஸ் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சண்டை வந்தது. இருபது வருஷம் ஓடிவிட்டது.

நளீபா


வெள்ளவத்தை
ஜூலை 2

நளீபா,

கேட்டேன். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. சில நாள் காலையில் அம்மா செத்ததை மறந்து, "கொம்மா எங்கை, சந்தைக்குப் போட்டாவோ?" என்று என்னிடமே கேட்பார். சில நாள் எல்லாம் தெளிவாக இருக்கும். நல்ல நேரமாகப் பார்த்து, பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன்.

"அப்பா, அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு என்ரை சிநேகிதி வந்தவளோ? கொம்பனித்தெருவிலை இருந்தவள்."

"அந்தப் பிள்ளையோ? வந்தது. விடியவே வந்தது. கொம்மாவின்ரை தலைமாட்டிலை இருந்தது. பிறகு குசினிக்குள்ளை போய் வந்த சனம் எல்லாத்துக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது. நீ எப்ப வாறாய் எண்டு கேட்டுது. அடுத்த நாள் எண்டு சொன்னன். எழும்பிப் போட்டுது."

"ஏனப்பா எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே பிள்ளை."

பதின்மூன்று வருஷம் நான் கேட்கவில்லை, நளீபா. உன்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது போல. இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பல்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் போனதைப் பற்றி. அம்மாவுக்கு அப்போது நெஞ்சில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். என் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறேன் என்று ஒரே அழுகை. பிறகு ஏழு வருஷம் இருந்தா, நல்லாகச் சாப்பிட்டா. அந்த நாள் திரும்ப வந்தாலும் நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பொய் எழுதக்கூடாது உனக்கு. கட்டினவரும் நானும் இப்போது ஒன்றாக இல்லை. சண்டை இல்லை, சேர்ந்தும் இல்லை. மகன் அங்கே படிக்கிறான்.

இங்கிலாந்திலும் இப்படி மலைகள் உண்டு. உச்சியைச் சுற்றி மண்வரம்பு, அதற்கு வெளியே அகழி, எல்லாவற்றுக்கும் மேலே பச்சைப் புல். லீவு நாளில் மகனை இழுத்துக்கொண்டு ரெயின் ஏறிப் போவேன். மழையில் ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு வரம்பைச் சுற்றி நடப்பேன். "அம்மா, இஞ்சை பாக்க என்ன இருக்கு?" என்று அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு கேட்பான். எனக்குப் பக்கத்தில் நீ நடப்பது மாதிரி இருக்கும், அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் கொம்பனித்தெரு வீடு என்ன ஆனது? ஏன் கொட்டாஞ்சேனை?

சுபோ


வரம்புமலை
ஜூலை 20

சுபோ,

கொம்பனித்தெரு வீட்டை இடித்தார்கள். அந்த வரிசை முழுக்கப் போய்விட்டது. மாடி எழும்பியிருக்கிறது. நீ வந்தால் உம்மா இடியப்பம் அவிக்கிற அந்தக் குசினி, இப்போது கார்கள் நிலத்துக்குக் கீழே இறங்குகிற சரிவு. ஒருநாள் போய்ப் பார்த்தேன். அடுக்கு அடுக்காக எதுவும் மிச்சம் இல்லை. வழித்துத் துடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். உம்மா அதற்கு முன்னமே மௌத்தாகிவிட்டது நல்லது. நானாவும் அம்னா மதினியும் கொட்டாஞ்சேனையில் வீடு எடுத்தார்கள். நானும் அவர்களோடு.

இனி மலை. வரம்புக்குக் குறுக்கே வெட்டினோம். மேலே முழுக்கச் சிவப்புக் கிரவல். ஒரு முழம் இறங்கியதும் மண்மூட்டை நைலோன் நார் வந்தது. அதற்குப் பக்கத்தில் டின்மீன் பேணி. அன்று பார்த்து ஒப்பந்தகாரரின் ஆள் வந்து நின்றான். பேணியைத் தூக்கிப் பார்த்து, "மெடம், இது எந்த ராசா சாப்பிட்ட மீன்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நான் பேணியைப் பையில் போட்டு இலக்கம் எழுதினேன்.

அடுத்த நாள் கிரவல் நின்றது. அதற்கு அடியில் விரல் தடிப்பில் ஒரு கறுப்பு மண். புல்லும் வேரும் மக்கிய மண், சுபோ. புல்டோசர் வருவதற்கு முன்னர் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்த தரை. நானும் நீயும் நடந்த தரை. உன் 2003 உயரங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டிலேயே வந்து விழுந்தது. ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குப் பழைய வரம்பு. அடியில் கறுப்பு சிவப்பு மட்கல ஓடுகளும் கரியும். ஆமிக்காரர் செய்ததெல்லாம் பழைய வரம்புக்கு மேல் மண் ஏற்றியதுதான்.

ஓடிப்போய் உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூடாரம் வரைக்கும் போய்விட்டேன், யாரிடம் போகிறேன் என்று அப்புறம்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி, முடிவு சொல்லப்போகிற குழு மலைக்கு வருகிறது. 2003இல் அளந்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார்கள். வா.

நளீபா


வெள்ளவத்தை
ஜூலை 27

நளீபா,

என்னால் முடியாது. அப்பாவை யாரிடம் விடுவது? போன கிழமை கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்துபோய் ஹோலில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபது வருஷமாக நான் ஒரு கருவியிலும் கண்ணை வைக்கவில்லை. லண்டனில் கவுன்சில் அலுவலகத்தில் குப்பைத்தொட்டி முறைப்பாட்டுக்குப் பதில் எழுதினேன். அவர்கள் முன்னால் கருவியை நிறுத்தி, கை நடுங்கி, பிழையாக வாசித்தால் உன் மலையை நானே கெடுத்ததாக ஆகிவிடும். கடிதமாக எழுதித் தருகிறேன். சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கித் தருகிறேன். நேரில் வேண்டாம்.

சுபோ


வரம்புமலை
ஆகஸ்ட் 2

சுபோ,

கடிதம் எடுக்கமாட்டார்கள். கேட்டுவிட்டேன்.

அம்னா மதினி ஏழாம் திகதி காலை உங்கள் வீட்டுக்கு வருவா. எங்கள் வாப்பாவைக் கடைசி மூன்று வருஷம் பார்த்தவ. உன் அப்பாவுக்கு மரக்கறிச் சாப்பாடுதான் என்று சொல்லியிருக்கிறேன். வவுனியா ரெயிலுக்குக் கோட்டை ஸ்டேஷனில் இடம் பதிந்திருக்கிறது.

கை நடுங்கினால் நடுங்கட்டும். மூன்று தரம் வாசிப்போம். முன்னரும் அப்படித்தானே செய்தோம்.

நளீபா


வெள்ளவத்தை
ஆகஸ்ட் 14

நளீபா,

வந்து சேர்ந்தேன். அப்பா நலம். உன் மதினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நீங்க போய்ட்டு வாங்க தங்கச்சி, நான் ஈக்கிறேன்தானே" என்று என் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டா. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கரம் போட் வைத்துக் காய் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மலையில் ஒரு நாள் முழுக்க உன்னோடு இருந்தும் இலக்கங்களைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. நீ குழிக்குள் நின்றதால் மேலே நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

குழுவில் வந்த அந்த இளம் பொறியியலாளர், ரொஷான், என்னோடு வரம்பைச் சுற்றி நடந்தார். பாதி வழியில் நின்று, "மேக்க கவுத ஹெதுவே, மிஸ்?" என்று கேட்டார். இதை யார் கட்டினார்கள் என்று. மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு அடியில் என்ன கேள்வி இருக்கிறது என்று இந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்தானே. உங்களுடைய ஆட்களா, எங்களுடைய ஆட்களா? ஒரு பெயரைச் சொன்னால் அரைவாசிப் பேர் சந்தோஷப்படுவார்கள். நான் "தன்னே நே" என்றேன். தெரியாது. ஓட்டில் பெயர் எழுதிவைக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் முன்னர் வந்தவர்கள், அவ்வளவுதான் தெரியும் என்றேன். ஒப்பந்தகாரர் சிரித்தார். ரொஷான் சிரிக்கவில்லை.

பிறகு கருவியை நிறுத்தினேன். கை நடுங்கியது. மூன்று கால்களையும் மண்ணில் மிதித்து இறக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. கண்ணை வைத்தேன். கண்ணாடிக்குள் நீ. தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கோட்டில் அளவுகோலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "நேரா ஈக்கிதா?" என்று கத்துகிறாய். முன்பக்க முடி முழுக்க நரைத்திருக்கிறது. இலக்கத்தை வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததற்கு அதுதான் காரணம். மறந்துபோனேன் என்று நினைத்திருப்பாய்.

நான் வாசித்ததை ரொஷான் ஏற்கவில்லை. அவரே வந்து கண்ணை வைத்தார். கையிலிருந்த 2003 தாளைப் பார்த்தார். திரும்ப வைத்தார். திரும்பத் தாளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெல்ல ஒப்பந்தகாரரிடம், "பாருங்கள், உயரம் சரியாக இருக்கிறது, இவர்கள் அளந்தபோது நான் பள்ளிக்கூடத்தில்" என்றார்.

பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோது நீ என் பையில் எதையோ திணித்தாய். வவுனியாவில் ரெயில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். முறுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த மனுஷி என் வீட்டில் யாரோ செத்துவிட்டதாக நினைத்து ஆறுதல் சொன்னா.

சுபோ


வரம்புமலை
செப்டெம்பர் 23

சுபோ,

தீர்ப்பு வந்துவிட்டது. உச்சியும் வரம்பும் அகழியும் பாதுகாக்கப்பட்ட இடம். கிரவல் வெட்டக்கூடாது. மேற்குச் சரிவு ஒப்பந்தகாரருக்கு. நாம் முதல் பருவத்தில் கூடாரம் அடித்து, மழைக்குள் அரிசி நனைந்து, இரண்டு நாள் பிஸ்கட்டோடு இருந்த இடம் அதற்குள்தான் வருகிறது. நேற்று இயந்திரம் வந்தது. இன்று அந்த மேடு இல்லை. முழுவதையும் காப்பாற்ற முடியவில்லை. உனக்கு நானே சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

கரியைப் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். காலம் தெரிய மாதங்கள் ஆகும்.

இத்தோடு வருவது குழிச் சுவரின் பென்சில் படம், ஆறு தாள். பழைய வரம்புக்குள் பார். திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறது. ஒன்று குளத்தடிக் களி, பக்கத்தில் மலைச் சிவப்பு, அதற்கு மேல் மணல். ஒவ்வொரு திட்டும் ஒரு ஆள் ஒருமுறை சுமந்து வந்து கொட்டிய கூடை மண். அப்படியே ஒன்றோடொன்று கலக்காமல் கிடக்கிறது. என் கைக்கு மை வேலை வராது. நீ வரைந்து தா. அறிக்கையில் உன் பெயரும் என் பெயரும் போகும்.

மழைக்கு முன் குழியை மூடிவிட்டு, அடுத்த மாதம் நடுவில் கொழும்புக்கு வருவேன்.

நளீபா


வெள்ளவத்தை
ஒக்டோபர் 16

நளீபா,

நீ வீடு வந்து சேரும்போது இந்தக் கடிதம் உனக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்று கொட்டாஞ்சேனைக்கே அனுப்புகிறேன்.

படம் முடிந்தது. சாப்பாட்டு மேசையை மூன்று கிழமை அதற்கே கொடுத்துவிட்டோம். அப்பாவும் நானும் மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டோம். கடல் காற்றுக்குத் தாள் பறக்காமல் நாலு மூலையிலும் பருப்பு டின் வைத்தேன். நேற்று கடைசித் தாளுக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"இது என்ன பிள்ளை, திட்டுத் திட்டாய்?"

"ஆக்கள் கூடையிலை மண் கொண்டுவந்து கொட்டினது அப்பா. ஒவ்வொண்டும் ஒரு கூடை."

"இது சின்னனாக் கிடக்கு."

"சின்னப் பிள்ளையளும் சுமந்திருப்பினம்."

விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். மை காயவில்லை என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். ஒரு மூலையில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, நீ பார்த்தால் ஏசுவாய். தாளின் கடைசி வரைக்கும் போய்விட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் ஒண்டா வந்திருக்கினம்" என்றார். பிறகு, "இப்ப எங்கை அவையெல்லாம்?" என்று கேட்டார்.

குளம் வற்றியிருக்கும், காய்ச்சல் வந்திருக்கும், நல்ல வயல் கண்டு இறங்கிப் போயிருப்பார்கள் என்று படித்த பதில்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவர் கேட்டது அந்த மலை ஆட்களை மட்டும்தானா என்று தெரியவில்லை. "தெரியேல்லை அப்பா" என்றேன்.

அப்பா என் கையைத் தட்டி, "பறவாயில்லை. நளீபா வந்தாக் கேப்பம்" என்றார்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பெயரே சில நாள் அவருக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை வா. மழை பிடித்துவிட்டது. குடை கொண்டுவா. அறைக்கீரையும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைக்கிறேன், சைவம்தான், பயப்படாதே. அம்னா மதினியையும் கூட்டிவா, கரம் போட்டில் அப்பாவோடு இன்னும் மூன்று ஆட்டம் பாக்கியாம். அப்பா கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வா. நானும் யோசிக்கிறேன்.

சுபோ